மைதானத்து மைக்கும் வானொலி மைக்கும்



எப்.எம். வானொலிகளில் விளையாட்டுப் பேச்சு பெருகிவிட்டதைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். பெருகிவிட்டது என்று நிறுவ நான் மினக்கெடத் தேவையில்லை. காலையில் 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பருத்தித்துறைப் பக்கம் போய்ப் பாருங்கள். செய்தி முடிய விளையாட்டுச் செய்தி வரும். அது முடிய, நேற்று இரவு நாணயச் சுழற்சியில் வென்றவர் ஏன் களத்தடுப்பைத் தெரிவு செய்தார் என்று இரண்டு அறிவிப்பாளர்கள் பிடுங்குப்படுவார்கள். நடுவில் பிஸ்கட் விளம்பரம். பிறகு நேயர் ஒருவரின் வாட்ஸ்அப் குரல்பதிவு: “அண்ணை, அந்த ரிவியூவை எடுத்திருக்கக் கூடாது.” சாரதி தலையாட்டுவார். கொண்டக்டர் மறுத்துப் பேசுவார். நெல்லியடி வருமுன் பஸ்ஸே இரண்டு கட்சியாகிவிடும்.

ஆகவே பேச்சு இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. அந்தப் பேச்சுக்குள் யாழ்ப்பாணக் குடாநாட்டு விளையாட்டு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அதற்கு வருமுன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

வானொலியோடு எங்களுக்குள்ள உறவு மற்ற ஊர்க்காரரின் உறவைப் போன்றதல்ல. கொழும்பில் 1925இல் ஒலிபரப்புத் தொடங்கியது, பின்னர் அது இலங்கை வானொலியானது, அதன் அறிவிப்பாளர்களான மயில்வாகனமும் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் இராஜேஸ்வரி சண்முகமும் தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் போனார்கள். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. அந்தப் பெருமையை எத்தனையோ மேடைகளில் பேசியாயிற்று. நான் சொல்ல வந்தது 1990க்குப் பிந்திய ஆண்டுகளை. அந்த ஆண்டு ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்ட காலம் அது. டைனமோ தருகிற மின்சாரம் றேடியோவுக்கு அப்படியே ஒத்துவராது. அதற்கு ஒரு டயோட்டும் கப்பாசிற்றரும் வைத்துக் கொடுக்கத் தெரிந்தவர் ஒழுங்கைக்கு ஒருவராவது இருந்தார். சுற்றுகிறவனின் கை களைத்தால் சத்தம் இறங்கும். “சுத்தடா தம்பி” என்று உள்ளிருந்து குரல் வரும். உலகச் செய்தியும் ஊர்ச் செய்தியும் அப்படித்தான் வந்தன. கிரிக்கெட்டும் அப்படித்தான் வந்தது.

1996 மார்ச் 17. லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். அவுஸ்திரேலியா 241 ஓட்டம். அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டும் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டமும் அடித்தார். ரணதுங்க 47 ஓட்டத்தோடு கடைசிவரை நின்றார். ஏழு விக்கெட்டால் வெற்றி. அன்று வலிகாமத்து மக்கள் எங்கே இருந்தார்கள்? முந்திய ஒக்டோபர் 30ஆம் திகதி இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் தென்மராட்சியிலும் வன்னியிலும் யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையிலும் மரத்தடியிலும் இருந்தார்கள். திரும்பி வரத் தொடங்கியது ஏப்ரலில்தான். உலகக் கிண்ணத்தை வென்ற நாட்டின் பிரசைகளில் ஒரு பகுதியினர் அந்தச் செய்தியைக் கேட்ட நிலை அது. மகிழ்ந்தவர் இருந்தார்கள், மகிழ மறுத்தவர் இருந்தார்கள், இரண்டையும் ஒரே மனதில் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. எங்கள் ஊரில் கிரிக்கெட் கேட்பது ஒருநாளும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய எப்.எம். பேச்சின் சூட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

தனியார் தமிழ் எப்.எம். அலை 1998இல் வந்தது. சூரியன், சக்தி இரண்டும் அந்த ஆண்டிலேயே தொடங்கின. வெற்றி 2008இல் வந்தது. அரச தரப்பில் தென்றல், பிறகு வசந்தம். இவை எல்லாவற்றுக்கும் தலைமையகம் கொழும்பு. வடக்குக்குச் சத்தம் சீராக வந்து சேர்வது பிந்தித்தான் நடந்தது. 1990இல் யுத்தத்தில் அழிந்த கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்தை 174 மீற்றர் உயரத்தில் மறுபடி கட்டித் திறந்தது 2011 ஜூனில். அதற்கு முன்பும் கேட்டோம். அன்ரனாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டோம். அந்த இடைவெளியில் எங்கள் காதை நிரப்பியவை திருச்சி, காரைக்கால் வானொலிகளும் பி.பி.சி. தமிழோசையும் வேரித்தாஸ் வானொலியும்.

இலங்கைத் தமிழ் எப்.எம்.மில் விளையாட்டுப் பேச்சு இவ்வளவு வளர்ந்ததற்கும், தமிழ்நாட்டுத் தனியார் எப்.எம்.மில் அது அந்த அளவு வளராததற்கும் வெளிப்படையான ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் தனியார் எப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க இன்றுவரை அனுமதி இல்லை. 2011இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கைதான் அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம் என்றது. விளையாட்டு நிகழ்வுகள் பற்றிய தகவலைச் செய்தியல்லாதது என்று கணக்கில் எடுத்து அனுமதித்ததும், உள்ளூர்ப் போட்டிகளுக்கு நேரடி வர்ணனை செய்யலாம் என்று வழிவிட்டதும் அதே கொள்கைதான். ஆனால் அதற்குள் அங்கே எப்.எம். என்றால் பாட்டும் பகிடியும் என்று கேட்பவர் மனதில் பதிந்துவிட்டது. அப்துல் ஜப்பார் போன்றவர்கள் சேப்பாக்கத்திலிருந்து தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்த மரபு அரச வானொலியோடே நின்றது.

இங்கே நிலை வேறு. எங்கள் தனியார் நிலையங்கள் செய்தியைத்தான் முதுகெலும்பாக வைத்து வளர்ந்தன. யுத்த காலத்தில் மணிக்கு மணி செய்தி கேளாத தமிழ் வீடு இல்லை. செய்தியின் வாலாக விளையாட்டுச் செய்தி வந்தது. அந்த வால் வளர்ந்து தனி நிகழ்ச்சியானது. ஏ. ஆர். வி. லோஷன் போன்ற அறிவிப்பாளர்கள் கிரிக்கெட்டை வாசிக்காமல் பேசினார்கள். தரவோடும் சொந்த அபிப்பிராயத்தோடும் பேசினார்கள். எங்கள் இளைஞர்களுக்கு விளையாட்டுச் செய்தியாளர் என்ற தொழிலையே காட்டிக் கொடுத்தது அந்தத் தலைமுறை. விளையாட்டு என்பது ஆபத்தில்லாத பேச்சு என்று நினைக்கிறோம். ஆனால் 2008 நவம்பரில் வெற்றி எப்.எம்.மை நடத்திக்கொண்டிருந்த அதே லோஷன் கைதாகி, ஒரு வாரம் அளவில் தடுத்து வைக்கப்பட்டு விடுதலையானார். தமிழில் மைக் பிடித்தவருக்கு அந்தக் காலத்தில் எந்தத் துறையும் ஆபத்தில்லாததாக இருக்கவில்லை.

உலகத்தில் இது எங்கே தொடங்கியது என்று கேட்டால் நியூயோர்க்கைச் சொல்வார்கள். 1987 ஜூலை முதலாம் திகதி டபிள்யூ.எப்.ஏ.என். என்ற நிலையம் இருபத்துநான்கு மணிநேரமும் விளையாட்டு மட்டும் என்று இறங்கியது. பாட்டு இல்லை. அப்போது சிரித்தவர்கள் பலர். பிறகு பாட்டுக் கேட்பவர்கள் கைபேசிக்குப் போனார்கள். பாட்டுக்காகவே இருந்த எப்.எம். அலைவரிசைகளில் பேச்சு குடிவந்தது. பி.பி.சி. 1991இல் உதைபந்தாட்ட ரசிகர்களின் தொலைபேசி நிகழ்ச்சியைத் தொடங்கியது. மாலை 6.06க்கு ஆரம்பமானதால் அதற்கு 606 என்றே பெயர். இந்த வகை நிகழ்ச்சிக்குச் செலவு மிகக் குறைவு. ஓர் அறை, இரண்டு மைக், நேயர்களின் கோபம், இவ்வளவும் போதும். ஆட்டத்தை நேரடியாக வர்ணிக்க உரிமைக்குக் காசு கட்ட வேண்டும். ஆட்டத்தைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. முதலாளிமாருக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கியது. கொழும்பு முதலாளிமாருக்கும் விளங்கியது.

அதனால் நாங்கள் கேட்பது பெரும்பாலும் வர்ணனை அல்ல, வர்ணனையின் சாயல். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். இதுவும் புதிது இல்லை. 1938இல் இங்கிலாந்தில் அவுஸ்திரேலிய அணி விளையாடியபோது சிட்னி ஸ்ரூடியோவில் இருந்தவர்கள் ஓவருக்கு ஓவர் வந்த தந்தியைப் பார்த்து, நேரில் பார்ப்பதுபோல வர்ணித்தார்கள். பந்து மட்டையில் படும் சத்தத்துக்குப் பென்சிலால் மரத்தில் தட்டினார்கள். மக்கள் விடிய விடியக் கேட்டார்கள். ஆகவே ஸ்ரூடியோவுக்குள் இருந்து பேசுவதை நான் குறை சொல்ல வரவில்லை. ஸ்ரூடியோவை விட்டு வெளியே வருவதே இல்லை என்பதுதான் குறை.

ஒரு சின்னக் கணக்கு. 2020இல் லங்கா பிறீமியர் லீக் தொடங்கியது. யாழ்ப்பாணம் பெயரில் ஓர் அணி. டிசம்பர் 16ஆம் திகதி ஹம்பாந்தோட்டையில் காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று முதற் கிண்ணத்தைத் தூக்கியது. 2021, 2022, 2024 கிண்ணங்களும் அதே யாழ்ப்பாணம் பெயருக்குத்தான். நான்கு கிண்ணம். அந்த அணி இவ்வளவு காலத்தில் யாழ்ப்பாண மண்ணில் ஒரு லீக் ஆட்டமாவது விளையாடியதா? இல்லை. அதற்கேற்ற மைதானம் இல்லை என்றார்கள். உண்மைதான்; மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கான வேலையை ஜனாதிபதி தொடங்கி வைத்தது 2025 செப்டெம்பரில்தான். எப்.எம்.மில் அந்த நாட்களில் எங்கள் ஊர்ப் பெயர் மணிக்கு எத்தனை தரம் ஒலித்தது என்று கேட்டவர்களுக்குத் தெரியும். பெயர் எங்களது, ஆட்டம் வேறெங்கோ, பேச்சும் வேறெங்கோ. விஜயகாந்த் வியாஸ்காந்த் யாழ். மத்திய கல்லூரியிலிருந்து போய் அந்த அணியில் சுழற்பந்து வீசினார், 2024 மே மாதம் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல்.லிலும் விளையாடினார். அன்று எல்லா நிலையமும் அவரைப் பற்றிப் பேசின. நல்லது. அவர் மத்திய கல்லூரி மைதானத்தில் பாடசாலைப் பையனாக வீசிய ஓவர்களை வானொலியில் கேட்டவர் எத்தனை பேர்?

தர்ஜினி சிவலிங்கத்தை எடுங்கள். புன்னாலைக்கட்டுவன் பிள்ளை. 2018இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்தாட்ட இறுதியில் 69க்கு 50 என்று இலங்கை வென்றபோது அந்த வெற்றியின் அச்சு அவர். வானொலிப் பேச்சில் அவர் உயரம் எத்தனை என்பதுதான் பெரிய சங்கதி. உயரமான எல்லோரும் பந்தை வளையத்துக்குள் போடுவதில்லை. அந்தக் கையின் பயிற்சியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிய நிகழ்ச்சியை நான் கேட்டதில்லை. மகாஜனக் கல்லூரியின் உதைபந்தாட்டப் பெண்பிள்ளைகளுக்கும், தேசிய சாதனை படைத்த கோலூன்றிப் பாய்தல் வீராங்கனை அனித்தா ஜெகதீஸ்வரனுக்கும் இதே கதைதான்: விளையாட்டுச் செய்தியின் கடைசி இரண்டு வரி, அதுவும் நேரம் மிஞ்சினால். 1958இல் தோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்த எதிர்வீரசிங்கம் மத்திய கல்லூரி மாணவர் என்பதை ஐ.பி.எல். புள்ளிவிவரம் தலைகீழாய்ச் சொல்கிற பையனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் முழிப்பான். அவனில் குற்றமில்லை. அவன் காதில் யாரும் போடவில்லை.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக்குச் சொந்தமாக ஒரு விளையாட்டு வானொலி ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு அலைவரிசை கிடையாது. இரண்டு ஒலிபெருக்கி மட்டும் உண்டு.

குருநகரிலோ நாவாந்துறையிலோ இளவாலையிலோ மின்னொளியில் நடக்கும் ஓர் உதைபந்தாட்ட இறுதியாட்டத்துக்குப் போங்கள். மேசை, கதிரை, மைக். மைக்கின் முன்னால் ஒருவர். பந்து நடுக்கோட்டைத் தாண்டமுன் அவர் குரல் தாண்டிவிடும். ஒவ்வொரு பொடியனின் பட்டப்பெயரும் அவருக்குத் தெரியும். அவன் தகப்பன் எந்த நிலையில் விளையாடினார் என்பதும் தெரியும். “இந்த நேரத்தில் ஒரு அன்பளிப்பு… சுவிஸ் நாட்டில் வதியும் எமது கழகத்தின் முன்னாள் வீரர், முதலாவது கோலை அடிக்கும் வீரருக்கு ஐயாயிரம் ரூபா…” சொல்லி முடிப்பதற்குள் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பும். அதையும் சொல்வார். வாசலை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தையும் சொல்வார். தாயைத் தவறவிட்ட பிள்ளை மேசையடியில் நிற்பதையும் அதே மூச்சில் சொல்வார். ஆவரங்காலில் கரப்பந்தாட்டம் என்றால் வேகம் இன்னும் கூட. செற்அப் ஆட்டத்துக்கு ஒரு நடை, ஓவர் கேமுக்கு இன்னொரு நடை என்று மாற்றிப் பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மாட்டுவண்டிச் சவாரிக்கு இன்னொரு பாசை. பள்ளிக்கூடமும் பட்டமும் கற்றுத் தந்த பேச்சு இல்லை இது. கொழும்பு ஸ்ரூடியோவில் பயிற்சி எடுத்த எத்தனையோ குரல்களைவிட இவர்களின் தமிழ் உயிரோடு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் ஒருநாள் நாவாந்துறைக்கு வந்து கேட்டுவிட்டு மறுக்கட்டும்.

ஆனால் மைதானத்து மைக்கைத் தூக்கி அப்படியே வானொலியில் வைத்துவிட முடியாது. மைதானத்தில் பேசுபவர் பார்க்கிறவர்களுக்குப் பேசுகிறார். பந்து எங்கே என்று அவர் சொல்லத் தேவையில்லை. ஸ்கோரைச் சொல்லத் தேவையில்லை. எந்த அணி எந்தப் பக்கம் என்றும் சொல்லத் தேவையில்லை. வானொலியில் இந்த மூன்றையும் விட்டால் ஒன்றுமே மிஞ்சாது. 1927இல் பி.பி.சி. முதல் றக்பி வர்ணனை செய்தபோது மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அந்தப் படத்தைச் சஞ்சிகையில் அச்சடித்தே கொடுத்தார்கள். பந்து எந்தக் கட்டத்தில் என்று ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருப்பார். அமெரிக்க பேஸ்போல் வர்ணனையாளர் ரெட் பார்பர் முட்டை அவிக்க வைக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தை முன்னால் வைத்திருந்தார். மணல் விழுந்து முடிந்தால் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். எங்கள் அறிவிப்பாளர்களுக்கு வேண்டிய பயிற்சி இவ்வளவுதான்: ஒரு மணற்கடிகாரமும் நாலைந்து ஒத்திகை ஆட்டமும். குரலும் தமிழும் ஆட்ட அறிவும் அவர்களிடம் தாராளமாக இருக்கின்றன. பக்கத்தில் உள்ள சிங்கள வானொலியைப் பாருங்கள். கருணாரத்ன அபேசேகர, பாலித பெரேரா போன்றவர்கள் கிரிக்கெட்டைச் சிங்களத்தில் வர்ணித்துப் பழக்கினார்கள். பாலித தொடங்கியது சர்வதேச ஆட்டத்தில் அல்ல, 1963இல் ஆனந்தா – நாலந்தா பாடசாலை ஆட்டத்தில்.

பாடசாலை ஆட்டத்துக்கு எங்களிடம் பஞ்சமா? சென். ஜோன்ஸும் மத்திய கல்லூரியும் 1904இலிருந்து மோதுகின்றன. சென். பற்றிக்ஸுக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான பொன் அணிகளின் போர் 1917இலிருந்து. யாழ். இந்துவும் கொக்குவில் இந்துவும் இருக்கின்றன. மார்ச் மாதம் வந்தால் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து பழைய மாணவர்கள் லீவு போட்டு வருகிறார்கள். வர முடியாதவர்கள் இரவிரவாக ஃபோனில் “என்ன ஸ்கோர்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆட்டங்களின் நேரடிப் படம் இப்போது இணையத்தில் வருகிறது. ஆனால் படம் பார்ப்பவர் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டும். சாரதிக்கும் தையற்காரருக்கும் தோட்டத்தில் வெங்காயம் கிளறும் மனுசிக்கும் காதால்தான் கிடைக்கும். சர்வதேச ஆட்டத்தின் உரிமை பெரிய நிறுவனங்களின் கையில். இந்த ஆட்டங்களின் உரிமை இரண்டு அதிபர்கள் கையில் இருக்கிறது. முன்னர் வெளிக்கள ஒலிபரப்பு என்றால் வாகனமும் பொறியியலாளரும் வேண்டும். இன்று ஒரு சிறிய மிக்ஸரும் ஒரு கைபேசி இணைப்பும் இருந்தால் மத்திய கல்லூரி மைதானத்துச் சத்தம் கொழும்பு ஸ்ரூடியோவுக்குப் போய் அங்கிருந்து கோபுரம் கோபுரமாகத் திரும்பி வரும்.

விளம்பரம் கிடைக்காது என்பார்கள். மைதானத்து அறிவிப்பாளர் ஒரு ஆட்டத்தில் வாசிக்கும் அன்பளிப்புப் பட்டியலை நிலையங்களின் விளம்பரப் பகுதியார் ஒருதரம் வந்து எண்ணட்டும். நகைக்கடை, சீமெந்துக் கடை, கல்யாண மண்டபம், கனடாவில் உள்ள மாமா. ஊர் காசு கொடுக்கிறது. வாங்க ஆள் வரவில்லை.

கட்சி பிரிந்து கத்துவார்கள், சண்டை வரும் என்றும் சொல்கிறார்கள். வரட்டும். 2011 உலகக் கிண்ண இறுதியில் இந்தியாவும் இலங்கையும் மோதியபோது எங்கள் வீடுகளுக்குள் அண்ணனும் தம்பியும் கட்சி பிரிந்ததை மறந்துவிட்டோமா? எப்.எம்.மில் அன்று பேசிய குரல்கள் வெறும் கிரிக்கெட்டைத்தான் பேசின என்று யாராவது நினைத்தால் அவர்கள் யாழ்ப்பாணத்தை அறியாதவர்கள். நேரே பேச முடியாததைச் சுற்றி வளைத்துப் பேச விளையாட்டு இடம் தந்தது. அந்த இடம் இனியும் வேண்டும். அதில் எங்கள் சொந்த மைதானங்களும் இருக்க வேண்டும்.

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் பழைய மாணவர் சங்கத்தாரிடமும் கழகச் செயலாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிலையங்கள் தேடி வரும் என்று காத்திருக்க வேண்டாம். வருகிற மார்ச்சுக்கு முன் இரண்டு கல்லூரி அதிபர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நல்ல மைதான அறிவிப்பாளர்கள் நால்வரைத் தெரிவு செய்து, ஒரு கழக ஆட்டத்தில் ஒத்திகை பார்த்து, அந்த ஒலிப்பதிவோடும் விளம்பரம் தருவோரின் பட்டியலோடும் எந்த எப்.எம். நிலையத்தின் படியிலாவது ஏறுங்கள். மூன்று நாளும், முதற் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை, முழுமையாகக் கேளுங்கள். மதியச் செய்திக்குப் பிறகு இரண்டு நிமிடம் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். நிலைய முகாமையாளர்கள் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால், கூட்டம் முடிந்தபின் முன்வரிசைக்கு வாருங்கள். செயலாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.